சொல்லாமல் விட்ட முந்திரி

முதலில் நான் பயந்தது என் முகத்தை வெளியே காட்டத்தான்.

பெரம்பலூரில் ஒரு சின்னப் பள்ளியில் எட்டு வருடம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகள் சேர்வது குறைந்ததும் டீச்சர்களையும் குறைத்தார்கள். அதில் என் வேலையும் போனது. கணவருக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் ஷிப்டு வேலை. மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நானே முளைகட்டி, வறுத்து, அரைத்துக் கொடுத்த சத்துமாவை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போவார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு அதையே பாக்கெட் போட்டு விற்கலாம் என்று ஆரம்பித்தேன்.

என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸைப் பார்த்து வாங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் நகரவில்லை. அப்போதுதான் மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராமில் புடவை விற்கிறவள் அவள். நான் போட்டிருந்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன அண்ணி, வெறும் பாக்கெட்டா போட்டு வச்சிருக்கீங்க? நீங்க எங்க?”

“நான் எதுக்கு? மாவுதானே விக்கிறோம்.”

“மாவ எவ பாக்குறா? கொழந்தைக்கு ஊட்டப் போறவ செய்யிற ஆளத்தான் பாப்பா. மூஞ்சியக் காட்டிப் பேசுங்க. என்னென்ன போடுறீங்கன்னு ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுங்க.”

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், எவனாவது என் படத்தை எடுத்து எதையாவது ஒட்டிப் பரப்பிவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் யோசித்தேன். பிறகு ஒரு காலையில் ஜன்னல் வெளிச்சத்தில், பதினோரு கிண்ணங்களை வரிசையாக வைத்து, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துப் பேசினேன். முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, சிவப்புச் சோளம், பாசிப்பயறு என்று ஒவ்வொன்றாகக் கையில் அள்ளிக் காட்டினேன். கடைசியில், டீச்சராக இருந்த பழக்கத்தில், விரலை ஆட்டிச் சொன்னேன்: “இவ்வளவுதாங்க. இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. எம்புள்ளைக்குக் கொடுத்ததத்தான் உங்க புள்ளைக்கும் கொடுக்குறேன்.”

அந்த ஒரு நிமிட வீடியோதான் என் வியாபாரத்தை எழுப்பி நிறுத்தியது. நாத்தனார் சொன்னபடி அதை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் உச்சியில் நிலையாக வைத்தேன். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். கமெண்ட் போட்ட ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன். மொட்டைமாடியில் தானியம் காய்வது, வறுக்கும்போது நிறம் மாறுவது, கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று வாரத்துக்கு இரண்டு வீடியோ போட்டேன். வாங்கியவர்கள் தங்கள் குழந்தை கஞ்சி குடிக்கிற படத்தை அனுப்பினால் அவர்கள் அனுமதி கேட்டுப் பகிர்ந்தேன். ஆறு மாதத்தில் கோயம்புத்தூர், ஓசூர் என்று கூரியர் போக ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒரு பெண், “நீங்க அந்தச் சத்துமாவு டீச்சர்தானே?” என்று கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது.

முந்திரி வந்தது அதற்குப் பிறகு. நாத்தனாரின் மாமனாருக்கு முந்திரித் தோப்பு உண்டு. உடைந்த பருப்பைக் கடைக்காரர்கள் எடுப்பதில்லை என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். வறுத்துச் சேர்த்து அரைத்துப் பார்த்தேன். மணமே வேறாக இருந்தது. அந்த வாரம் வாங்கியவர்கள் எல்லாம் “இந்தத் தடவை சூப்பர்க்கா, பாப்பா கிண்ணத்தைத் தட்டிவிடவே இல்லை” என்று எழுதினார்கள். அதனால் தொடர்ந்து சேர்த்தேன்.

பாக்கெட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் பழைய பதினோரு பொருள்தான் அச்சாகியிருந்தது. ஒரு கட்டு முழுக்க மீதம் இருந்தது. தீர்ந்ததும் புதிதாக அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீடியோவைப் பற்றி நினைக்கவே இல்லை. நல்ல பொருளைத்தானே கூடச் சேர்க்கிறோம், இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்துவிட்டேன். மூன்று வாரம் அப்படியே போனது.

அன்று காலை பத்து மணி இருக்கும். மாவு மில்லில் நின்றுகொண்டிருந்தேன். இயந்திரத்தின் இரைச்சலில் போன் அடிப்பது கேட்காது. ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த மணிபர்ஸோடு சேர்ந்து அதிர்ந்ததால் எடுத்துப் பார்த்தேன். கீழப்பழுவூரில் இருக்கும் ஒரு வாடிக்கையாளப் பெண்ணிடமிருந்து குரல் பதிவு. முதல் முறையாக அதற்கு முந்தின வாரம்தான் வாங்கியிருந்தாள். ஏதாவது பாராட்டாக இருக்கும் என்று வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று காதில் வைத்தேன்.

“அக்கா... காலையில உங்க மாவுல கஞ்சி ஊட்டுனேன்க்கா. பத்து நிமிசத்துல பாப்பாவுக்கு ஒதடெல்லாம் வீங்கிடுச்சு. கண்ணத் தொறக்க முடியல. மூச்சு இழுக்குது. ஆட்டோவுல அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். இவளுக்கு முந்திரி ஆவாதுக்கா, போன தடவ பொங்கல்ல இருந்த ஒரு முந்திரிக்கே இப்படித்தான் ஆச்சு. அதனாலதான் உங்க வீடியோவ மூணு தரம் பாத்துட்டு வாங்குனேன். முந்திரி கிடையாதுதானேக்கா? சொல்லுங்கக்கா...”

அவள் பேச்சுக்குப் பின்னால் குழந்தை அழுவது கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. விட்டு விட்டு, ஈரமான துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம்.

அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதுதான் முதலில் மனதில் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அடுத்த மூச்சிலேயே போலீஸ் வந்து வாசலில் நிற்பது, தெருவே கூடி நிற்பது, மகள் படிக்கும் கல்லூரியில் எல்லோரும் போனைப் பார்ப்பது எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. அந்த வீடியோ. விரலை ஆட்டிக்கொண்டு “இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது” என்று நான் சொல்லும் வீடியோ.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை தானாகப் போனது. பக்கத்தைத் திறந்து, உச்சியில் இருந்த அந்த வீடியோவை அழித்தேன். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று போன் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். பிறகு போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். மில்காரர் வாசலில் வந்து, “டீச்சர், உங்க மாவு முடிஞ்சிருச்சு, வந்து அள்ளிக்கிங்க” என்றார். சரி என்று தலையை ஆட்டினேன், நகரவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எழுத்து.

‘அக்கா அந்த வீடியோ எங்க. காணோம். ஊசி போட்டுட்டாங்க. என்னென்ன சேத்துருக்குன்னு டாக்டர் கேக்குறாங்க. பாக்கெட்ட வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். ப்ளீஸ்க்கா.’

அதைப் படித்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. முதல் பதிவு வந்து பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு நிமிடமும் ஒரு தாய் பதில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அழைத்தேன். எடுக்கவில்லை. மாவு படிந்த விரலுக்கு எழுத்து ஒழுங்காக விழவில்லை. அடித்து அடித்துத் திருத்தி அனுப்பினேன். ‘முந்திரி இருக்கு. மூணு வாரமா சேக்குறேன். சொல்லாம விட்டது என் தப்பு. டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க.’ கூடவே பன்னிரண்டு பொருளையும் எழுதினேன். படித்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

கணவர் இரவு ஷிப்டு முடித்து வந்து வீட்டில் படுத்திருந்தார். எழுப்பிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து என் போனை வாங்கிப் படித்தார்.

“அந்த மெசேஜ அழிச்சிடு” என்றார். “முந்திரின்னு நீயே எழுதிக் கொடுத்தா நாளைக்கு அதத்தான் காட்டுவாங்க.”

“டாக்டர் கேட்டாங்களாம்.”

“டாக்டருக்குத் தெரியாதா? நீ வாய விடாத. ஊருக்கே தெரிஞ்சு போயிடும்.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் பயந்துதான் போயிருந்தார். நான் புடவையைக்கூட மாற்றாமல் கிளம்பினேன்.

அரியலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இன்னொன்று தோன்றியது. மூன்று வாரத்தில் நான் அனுப்பியது ஒரு பாக்கெட் இல்லை. நோட்டை எடுத்து எண்ணினேன். அந்தப் பெண்ணைத் தவிர்த்து எழுபத்து மூன்று பேர். அதில் எத்தனை வீட்டில், எத்தனை குழந்தை, இந்த நிமிடம் வாயைத் திறந்துகொண்டிருக்கிறதோ. ஒவ்வொருவருக்கும் போன் செய்தால் மாலை ஆகிவிடும்.

போனைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பஸ் இன்னும் கிளம்பவில்லை. தலையில் மாவு, கழுத்தில் வியர்வை. பின் சீட்டில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்.

“வணக்கங்க. கடந்த மூணு வாரத்துல எங்கிட்ட சத்துமாவு வாங்குன யாரும் தயவுசெஞ்சு அதக் கொழந்தைக்குக் கொடுக்காதீங்க. அதுல முந்திரி சேத்துருக்கேன். ஸ்டிக்கர்லயும் போடல, வீடியோவுலயும் சொல்லல. ஒரு கொழந்தைக்கு ஒத்துக்காம ஆஸ்பத்திரியில இருக்கு. தப்பு என்னோடது. ஏற்கனவே கொடுத்திருந்தா, ஒடம்புல தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் ஏதாவது இருந்தா ஒடனே...”

“டிக்கெட் எங்கம்மா?” என்றார் கண்டக்டர்.

“அரியலூர் ஒண்ணு” என்றேன். அதுவும் பதிவாகிவிட்டது. திருத்த நேரமில்லை. அப்படியே போட்டேன். அதையே வாட்ஸ்ஆப்பில் எழுபத்து மூன்று பேருக்கும் அனுப்பினேன். பிறகு அழித்தவை சேர்ந்திருக்கும் இடத்துக்குப் போய், காலையில் அழித்த வீடியோவை மீட்டு, அதன் கீழே ‘இப்போது இதில் முந்திரியும் இருக்கிறது, இதை நம்ப வேண்டாம்’ என்று எழுதினேன். என் முகத்துக்குக் கீழேயே என்னை நம்ப வேண்டாம் என்று எழுதுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் நாத்தனார் கூப்பிட்டாள்.

“அண்ணி, என்ன காரியம் பண்ணிட்டீங்க! எங்க மாமனாரு வேற பக்கத்துல நிக்கிறாரு. முந்திரியில விசமுன்னு ஊருல பேசிக்கிட்டா எங்க பொழப்பு என்னாவும்?”

“முந்திரியில ஒண்ணுமில்ல. நான் சொல்லாததுதான் தப்பு.”

அவள் போனோடு தள்ளிப் போவது கேட்டது. பிறகு, “லிஸ்ட்ட அனுப்புங்க. மெசேஜ் பாக்காதவங்களுக்கு நான் போன் போடுறேன்” என்றாள்.

குழந்தைகள் வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவளுக்குத் தெரியும். பார்த்ததும் எழுந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நைட்டிமேல் துப்பட்டாவைப் போர்த்தி, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள்.

“பாப்பா எப்படி இருக்கும்மா?”

“மூச்சு வருது. இன்னைக்கு முழுக்கப் பாக்கணுமாம்.”

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, மூக்கில் குழாய். கண் இமைகள் உப்பி, உதடு தடித்து, தூங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் காலைக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. நான் வறுத்த நிறம் அது.

“வீடியோவ ஏன்க்கா அழிச்சீங்க?” என்றாள் பின்னாலிருந்து. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

வரும் வழியெல்லாம் நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

“பயந்துட்டேன்ம்மா.”

“நானுந்தான் பயந்தேன்” என்றாள். போ என்று சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து சேரும்வரை பெஞ்சின் இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் அவள். நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழுந்தோம்.

மாலைக்குள் எழுபத்திரண்டு பேரிடமிருந்து பதில் வந்துவிட்டது. ‘எங்கள் குழந்தை நன்றாக இருக்கிறது’ என்று பலர். ஓசூரில் ஒரு குழந்தைக்கு இரண்டு நாளாக முதுகில் தடிப்பு, வேர்க்குரு என்று நினைத்திருக்கிறார்கள். உடனே மருத்துவரிடம் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன்.

ஒரே ஒரு எண் மட்டும் அணைந்து கிடந்தது. செட்டிகுளத்தில் ஒரு பெண். அன்று முழுக்கக் கூப்பிட்டோம். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே வந்தது. மறுநாள் விடிந்ததும் கணவர் பைக்கை எடுத்து வாசலில் நிறுத்தினார். “ஏறு” என்றார். முதல் நாள் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முகவரியில் தெருவின் பெயர்கூட இல்லை. ரேஷன் கடை அருகில் என்று மட்டும் இருந்தது. ஊருக்குள் சின்ன வெங்காயம் பரப்பிக் கிடந்த ஒரு களத்தில் கேட்டு, வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே என்ன பார்க்கப் போகிறோமோ என்று ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். பக்கத்துச் சந்திலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

“யாருங்க? அட, டீச்சரா! வாங்க, வாங்க. போனு தண்ணியில வுழுந்துருச்சுங்க. கடையில கொடுத்திருக்கு.”

விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தாள். “இவன் முந்திரிய டப்பாவோட திம்பாங்க. இதுக்கா வூடு தேடி வந்தீங்க?” என்று காபி போட உள்ளே போனாள். இடுப்பிலிருந்து இறங்கிய குழந்தை என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தது. நான் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர்தான், “நல்லா இருக்குல்ல, அப்பறம் என்ன” என்று என் தோளைத் தொட்டார்.

கீழப்பழுவூர்க் குழந்தை மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனது. ஓசூர்க் குழந்தைக்கும் தடிப்பு அடங்கியது. அடுத்த வாரம் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். யாரும் புகார் கொடுக்கவில்லை. என் வீடியோவைப் பார்த்துத்தான் வந்திருந்தார். உணவு விற்க நான் வாங்கியிருந்த பதிவுச் சான்றையும் பழைய ஸ்டிக்கரையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “இது சின்ன விசயம் இல்லீங்க” என்றார். புது ஸ்டிக்கர் அடித்து அவரிடம் காட்டும்வரை விற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார். முந்திரி, வேர்க்கடலை மாதிரியானவற்றைத் தனியாகத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்பதை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாகி நான் பார்த்ததில்லை.

கமெண்டுகளை ஒரு வாரம் நான் திறக்கவில்லை. திறந்தபோது, ‘விஷம் விற்கிறவள்’ என்று இருந்தது. ‘இவளை உள்ளே தள்ளணும்’ என்று இருந்தது. அவற்றைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. பஸ்ஸில் எடுத்த அந்த வீடியோவை நான் போட்ட மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். ‘தப்பைத் தைரியமாக ஒப்புக்கொள்கிறார், இவரிடம்தான் வாங்க வேண்டும்’ என்று பகிர்ந்திருந்தார்கள். எங்கெங்கிருந்தோ புது ஆர்டர்கள் வந்திருந்தன. பழைய வீடியோவை அழித்துவிட்டு நான் நின்ற அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. ஒரு குழந்தையின் வீங்கிய உதட்டால் என் கடை பெரிதாகிறது என்று நினைத்தபோது போனைத் தொடவே பிடிக்கவில்லை.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். எடுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. “அந்த வீடியோவ எடுத்துடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

“வேணாம்க்கா. முந்திரி ஆவாதுன்னா எங்க வூட்ல யாரும் நம்பல, சும்மா அரிப்புன்னாங்க. இப்ப நாலு பேரு பாத்துட்டு அவங்க புள்ளைக்கும் இப்படின்னு எழுதுறாங்க. இருக்கட்டும். எம்புள்ள பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிடாதீங்க.”

வீடியோ இருக்கட்டும் என்று விட்டேன். அதன் கீழே, முதலில் பயந்து பழைய வீடியோவை அழித்தேன் என்பதையும் எழுதிச் சேர்த்தேன். அதன் பிறகு சிலர் ஆர்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது கொஞ்சம் லேசாக இருந்தது.

இப்போது முந்திரி சேர்ப்பதில்லை. ஒவ்வொரு முறை அரைத்ததும் என்னென்ன சேர்ந்தது என்று தேதியோடு சொல்லி ஒரு சின்ன வீடியோ போட்டுவிட்டுத்தான் பாக்கெட்டை ஒட்டுகிறேன். ஒன்றும் மாறாவிட்டாலும் போடுகிறேன். வியாபாரம் முன்பைவிட நன்றாகத்தான் இருக்கிறது. குரல் பதிவு வந்தால் மட்டும் உடனே திறக்க மாட்டேன். எங்காவது உட்கார்ந்துகொண்டுதான் திறப்பேன்.

போன மாதம் அந்தக் கீழப்பழுவூர்ப் பெண்ணிடமிருந்தே ஒன்று வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

“அக்கா, என் தங்கச்சி புள்ளைக்கு மாவு வேணுங்க்கா. அதுக்கும் இவள மாதிரியே முந்திரி ஆவாது. இப்ப சேக்குறதில்லன்னு வீடியோவுல பாத்தேன். அனுப்பலாமாக்கா?”

அவள் மறுபடி என்னிடம் கேட்கிறாள் என்பதே என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அனுப்பிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. பிறகு மில் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் அதே இயந்திரத்தில் யார் எதைப் போட்டு அரைத்தார்களோ. குரல் பதிவை அழுத்திப் பிடித்துப் பேசினேன்.

“நான் சேக்குறதில்லம்மா. ஆனா மில்லுல எல்லாரும் அரைக்கிறாங்க. எனக்கு முன்னாடி முந்திரி அரைச்சிருந்தா என்னால சொல்ல முடியாது. உன் தங்கச்சி புள்ளைக்கு வேணாம். வூட்டு மிக்சியிலயே அரைச்சுக்கச் சொல்லு. எப்படி வறுக்கணும்னு நான் சொல்லித் தரேன்.”

நீலக் கோடு விழுந்தது. அவள் தட்டச்சு செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. படிக்கட்டிலிருந்து எழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘சரிக்கா. சாயங்காலம் தங்கச்சியக் கூப்பிடச் சொல்றேன்’ என்று வந்தது.